வாலில் கூடிய பாரம்

மச்சானின் விமானத்தை நினைத்தால் முழு விமானமும் எனக்கு ஞாபகம் வருவதில்லை. அதன் வாலோரத்தில் இருந்த முழங்கை நீளத் துண்டு ஒன்றுதான் வருகிறது. ட்ரிம் டெப் என்பார்கள். மூக்கை ஏற்றி இறக்கும் வால்மடலின் பின்விளிம்பில், கீலில் ஆடும் இன்னொரு சின்ன மடல். அதைச் சரியான கோணத்தில் வைத்துவிட்டால், ஓட்டுபவர் கைப்பிடியை ஓயாமல் இழுத்துப் பிடித்திருக்கத் தேவையில்லை. கைக்கு ஓய்வு கொடுக்கிற சாமான் என்பார் மச்சான்.

அவர் என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவர். வளைகுடாவில் விமானம் பழுதுபார்க்கும் கூடத்தில் வேலை செய்துவிட்டு எங்கள் ஊர் மருதமுனைக்குத் திரும்பி, பின்வளவுத் தகரக் கொட்டிலில் ஒற்றை ஆசன விமானம் ஒன்றைக் கட்டினார். பல்கலைக்கழக விடுமுறை முழுக்க நான் அங்கேதான் கிடந்தேன். என்னை அந்தக் கொட்டிலுக்கே மாப்பிள்ளையாகக் கொடுத்துவிட்டதாக உம்மா சொல்லிச் சிரிப்பா. அனுமதி எடுத்து மச்சான் முதல் தடவை பறந்தபோது ஒரு பிழையும் இருக்கவில்லை.

அடுத்த பறப்புக்காக வாலை வெளியே எடுக்கையில், டெப்பின் மூலை வாசல் நிலையில் பட்டு வெடிப்பு விட்டது. எங்கள் மூத்த அண்ணன், நாங்கள் காக்கா என்பவர், சாய்ந்தமருதில் பைபர் வள்ளம் திருத்துபவர். மச்சான் அதை அவரிடம் கொடுத்தார். எங்கள் கரையில் வேண்டிய ஆளின் வள்ளத்துக்குக் கேட்டதைவிட ஒரு படை பைபர் கூடப் போடுவார்கள். தங்கச்சியின் மாப்பிள்ளை அல்லவா, காக்கா மூலையோடு நிறுத்தாமல் துண்டு முழுவதுக்கும் படை போட்டு, உப்புக்காற்றுக்குத் தாங்கட்டும் என்று தடிப்பாகப் பூச்சும் பூசினார்.

"இனி இது கடல்ல உழுந்தாலும் மிதக்கும் மச்சான்."

"அப்ப நான் இறக்கை எதுக்கு வெச்ச?" என்று கேட்டு, மச்சான் அதன் பளபளப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே அதை வாலில் பூட்டினார்.

வள்ளத்தில் தடிப்பு என்றால் பலம். கீலுக்குப் பின்னால் தொங்கும் மடலில் அது வெறும் பாரம். வேகம் கூடும்போது அந்தப் பாரம் காற்றில் தானாக நடுங்கத் தொடங்கும். நடுக்கம் டெப்போடு நிற்காது, வால்மடலையே பிடித்து உலுக்கும்.

சவளக்கடைப் பக்கம் அறுவடை முடிந்து இறுகிக் கிடந்த வயல்வட்டையில் வரம்புகளை வெட்டி ஓடுபாதை போட்டிருந்தோம். அந்த இரண்டாவது பறப்பில் விமானம் திரும்பி எங்களுக்கு மேலால் வரும்போது வால் மங்கலாகத் தெரிந்தது. அவ்வளவு வேகமாக அது ஆடிக்கொண்டிருந்தது. மச்சான் உடனே வேகத்தைக் குறைத்தார், அதுதான் சரி. ஆனால் டெப்பைத் தள்ளும் கம்பி அதற்குள் அறுந்துவிட்டது. ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னால் மூக்குக் கவிழ்ந்து வயலில் விழுந்தது.

வயலில் கிடந்த டெப்பை நான் எடுத்துப்போய் நிறுத்துப் பார்த்தேன். பழைய நிறையைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆஸ்பத்திரியில் மச்சானுக்கு நினைவு தெளிந்திருந்த நேரம், கட்டிலருகே காக்கா நின்றார்.

"நான் கூடப் பூசினதாலயா மச்சான்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மச்சான் சொல்லவில்லை.

"ஓம். பாரம் கூடிட்டு. ஆனா நிறுத்துப் பாக்காமப் பூட்டின நான்தான். அத நீங்க சுமக்காதீங்க."

அடுத்த நாள் மச்சான் மௌத்தாகிவிட்டார்.

இப்போது வீட்டில் விமானம் கட்டுகிற பொடியன்கள் என்னோடு தொலைபேசியில் கதைப்பார்கள். எஞ்சினைப் பற்றித்தான் ஆசையாகக் கேட்பார்கள். நான் வாலைப் பற்றிக் கேட்பேன். கீல் தளர்ந்திருக்கிறதா, கம்பியில் ஆட்டம் இருக்கிறதா, பெயின்ட் அடித்த பிறகு திரும்ப நிறுத்துப் பார்த்தீர்களா? அலுத்துப்போய்ச் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அன்று மச்சானின் ஜனாஸாவைத் தூக்க ஆயத்தமானபோது காக்கா வளவுக்குள்ளேயே வரவில்லை. ரோட்டில், சனத்துக்குப் பின்னால் நின்றார். உள்ளே ராத்தா என்னைக் கூப்பிட்டா. ஆஸ்பத்திரியில் மச்சான் காக்காவிடம் சொன்னது அவவுக்கும் தெரியும்.

"கபுறுக்குள்ள ஆரு எறங்குற?"

நெருங்கிய உறவுக்காரர்தான் குழிக்குள் இறங்கி உடலை ஏந்துவார்கள். ஆரென்று இன்னும் பேசவில்லை என்றேன்.

"காக்காவ எறங்கச் சொல்லு. நான் சொன்னண்டு சொல்லு."

அடக்கம் செய்யும் மையவாடியில் அதைக் காக்காவின் காதில் சொன்னேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி, இரண்டு கைகளையும் மேலே நீட்டினார்.