சுலைகா டீச்சரின் மஞ்சள் தாள்

பிரிண்டரிலிருந்து சூடாக வரும் தாளை முகர்ந்து பார்ப்பது எனக்கு இருபது வருடக் கெட்ட பழக்கம். நேற்றும் ஒரு மனுவை அப்படி முகர்ந்தேன். ரோடு கேட்டு வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்று பக்கமும் ஒரே கோபம். எதிர்த்தரப்பு என்று ஒருவர் இருப்பதாகவே அதில் தெரியவில்லை. சுலைகா டீச்சர் இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்.

டீச்சர் கல்லூரியில் தருக்கம் நடத்தி ஓய்வு பெற்றவர். இந்தக் கடற்கரை மதரஸாக்களில் மன்திக் என்று ஓதிக்கொடுத்த அரபுத் தருக்கமும், மடங்களில் அளவை என்று படித்த தமிழ்த் தருக்கமும் எங்கே கைகுலுக்கின, எங்கே முறைத்துக்கொண்டன என்று ஒரு வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். அது காலையில். மதியத்துக்கு மேல் ஊர் ஊராகப் போராட்டம். ராமநாதபுரத்தில் நான் வேலை பார்த்த டி.டி.பி. கடைக்குப் புத்தகத் தாளும் போராட்ட மனுவும் ஒரே துணிப்பையில் வரும். பையைத் திறந்தால் முதலில் கருவாட்டு வாடை, அப்புறம்தான் தருக்கம். போராடப் போன ஊரில் பெண்கள் அவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள்.

அவருக்கு ஒரு வழக்கம். எதை எழுதினாலும் முதலில் எதிராளியின் கட்சியை, அதாவது அவர் பக்க வாதத்தை, மஞ்சள் தாளில் எழுதுவார். பழைய தருக்க நூல்களில் அதற்குப் பரபக்கம் என்று பெயராம். எதிராளியே படித்து மகிழும்படி அது இருக்க வேண்டும். பிறகுதான் வெள்ளைத் தாளில் தன் பதில். புத்தகத்துக்கும் அதே முறை, கலெக்டருக்கு எழுதும் மனுவுக்கும் அதே முறை. நானோ அத்தனை பக்கத் தருக்கத்தையும் ஒரு வரிகூட மூளைக்குள் விடாமல் டைப் அடித்தவள்.

புதுமடம் பக்கம் ஓர் இறால் பண்ணைக்காரர் கடலுக்குப் போகும் பாதையை மறித்து வேலி போட்டுவிட்டார். மீன்கூடையோடு பெண்கள் இரண்டு மைல் சுற்றி நடந்தார்கள். கோட்டாட்சியர் விசாரணைக்கு நாள் குறித்தார். டீச்சர் எழுதிய மனுவை நான்தான் அடித்தேன். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில், மஞ்சள் தாளில் இருந்ததை மட்டும் பிரிண்ட் எடுத்து, ஸ்டேப்ளர் பின் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவரும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

விசாரணைக்கு நகல்களோடு நானும் போயிருந்தேன். கோட்டாட்சியர் மனுவை வாய்விட்டுப் படித்தார். பாதை தனியார் பட்டாவில் இருக்கிறது, மாற்று வழி இருக்கிறது, பண்ணையால் ஊருக்கு வேலை கிடைக்கிறது. அவ்வளவுதான், கீழே டீச்சரின் கையெழுத்து. என் கையிலிருந்த நகல்களைப் புரட்டினேன், வெள்ளைத் தாளின் பதில் எதிலும் இல்லை. மீன் விற்கும் அருளம்மா என் காதோரம் குனிந்தார். "ஏத்தா, டீச்சரு யாரு பக்கம் பேசுறாக?"

பண்ணைக்காரரின் வக்கீல் எழுந்தார். "இதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணுமில்லைங்கய்யா. இதான் எங்க கட்சி" என்று சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்தார். "அவங்க கட்சி இவ்வளவுதான்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அதை எழுதிக்கங்க சார். இனி எங்க பதிலச் சொல்றேன்."

கையில் தாள் இல்லை. பண்ணைக்காரர் பட்டாவோடு கொடுத்திருந்த வரைபடத்திலேயே பாதை குறித்திருப்பதைக் காட்டினார். மாற்று வழி என்பது ஓடை, மழைக்கு இடுப்பளவு தண்ணீர் ஓடும் என்றார். பண்ணை வேலைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் வெளியூர் என்று பெயர் பெயராகச் சொன்னார். வக்கீலுக்குப் புதிதாக ஒன்றும் எடுத்து வைக்க வழியில்லை. பத்து நாளில் வேலி போயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். "அடிக்கிறதப் படிச்சுட்டு அடிம்மா" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து படிக்கிறேன். புத்தகம் வெளிவந்தபோது அதில் இரண்டு பிழையை நானே கண்டுபிடித்துச் சொன்னேன் என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் திமிர் உண்டு.

டீச்சர் போய் நான்கு வருடம் ஆகிறது. அன்று மையத்தை அடக்கம் செய்ய எடுத்துப் போன பிறகு தெருவில் அந்த வக்கீல் தனியாக நின்றுகொண்டிருந்தார். "எத்தனையோ கேசு நடத்திட்டேம்மா. என் பக்கத்து நியாயத்த என்னைய விட நல்லா எழுதுனது அந்தம்மா ஒருத்திதான்" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். தோற்றவரே வந்து அழும்படி ஒருவரைத் தோற்கடிக்க இப்போது இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.