கடல்கட்டி சாப்பிட்ட நாள்

வெள்ளைக்காரன் எங்கள் மந்திரங்களைக் கண்டு சிரிப்பான். ஆனால் சிலாவத்துறையில் முத்துக்குளிப்பு என்றால், சுறாவின் வாயைக் கட்டுகிற கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். அவர் இல்லாமல் ஒருவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்களே! அப்பாவின் கழுத்தில் மடு மாதா சுரூபம் தொங்கும். ஆனாலும் கடல்கட்டியைக் கும்பிட்டுவிட்டுத்தான் வள்ளம் ஏறுவார்.

வள்ளங்கள் திரும்பும்வரை கடல்கட்டி கொட்டிலுக்குள் பட்டினியிருந்து மந்திரம் சொல்லவேண்டும். ஒரு வாய் சோறு உள்ளே போனாலும் கட்டு அவிழ்ந்துவிடும். அப்பா கயிற்றைக் கட்டிக்கொண்டு முத்துக்குளிக்க மூழ்குவார்; வள்ளத்தில் நின்று அந்தக் கயிற்றைப் பிடித்து அவரை மேலே இழுப்பவர் மாமா, அம்மாவின் தம்பி. எங்களில் அதுதான் முறை. சொந்த அக்காவை எவன் தாலியறுக்க வைப்பான்?

எனக்கு அப்போது ஏழு வயது. எதிலும் மூக்கை நுழைக்கிற சனியன். அன்று காலை கொட்டில் ஓலையை விலக்கிப் பார்த்தேன். மனிதர் பழஞ்சோறும் கருவாடுமாக வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்! என்னைக் கண்டதும் சட்டியை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். "ஒருத்தருக்கும் சொல்லாதை, பிள்ளை" என்று ஒரு கருவாட்டுத் துண்டை நீட்டினார். நானும் வெட்கமில்லாமல் வாங்கித் தின்றேன்.

மத்தியானம் அப்பாவைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே பாய் தட்டையாக இருந்தது.

அம்மா மாமாவின் தலைமயிரைப் பிடித்து உலுக்கினாள். "கயிறு உன்ர கையிலதானேடா இருந்தது! பாத்துக்கொண்டோ நிண்டனீ?" மாமாவின் உள்ளங்கைகள் இரண்டிலும் கயிறு இழுத்துத் தோல் பிய்ந்து இரத்தம் வழிந்தது. கொட்டிலில் கண்டதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கருவாடு தின்றது தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து செத்தேன்.

மாமா விடத்தல்தீவுக்குப் போய்விட்டார். அம்மா அவர் முகத்தில் முழிக்கவே இல்லை. நான் கலியாணம் முடித்து இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, அவர் காய்ச்சலில் செத்துப்போன செய்தி வந்தது. அன்றுதான் அழுது அழுது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தச் சோறு நான் குடுத்தது" என்றாள் அம்மா.

"என்னம்மா சொல்லுறீங்கள்?"

"அந்தாள் பசியில மயங்கி விழுந்தா கடலுக்குப் போன உன்ர கொப்பருக்கு மந்திரம் ஆர் சொல்லுறது எண்டு, நான்தான் ஒளிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தனான். அதை வெளியில சொல்ல ஏலுமோ? அதுதான் பழியை உன்ர மாமாவில போட்டன். அவன் என்ர தம்பி, தாங்குவான் எண்டு நினைச்சன்."

அம்மா ஏன் மாமாவைப் பிடித்து உலுக்கினாள் என்பது ஏழு வயதில் எனக்கு விளங்கவில்லை, சரி. பாவம், மாமா அது விளங்காமலே செத்துப்போனார்.