பயம் குறைந்த வட்டாரம்

வீட்டில் அவளுக்கு உடும்பு என்று பெயர். பிடித்தால் விடமாட்டாள் என்று தம்பி வைத்தது. அவளும் அதைப் பட்டம் மாதிரிதான் வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் நகராட்சியில் புகார் போன் எடுத்தவள். ஊரார் திட்டு அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

தொற்று பரவியதும் புது வேலை கொடுத்தார்கள். சமூக வலைத்தளங்களில் ஜனங்கள் எழுதுவதை வட்டாரவாரியாகப் படித்து, பயம், கோபம், துக்கம், நிம்மதி என்று பிரித்துப் போட வேண்டும். பயம் கூடிய இடத்துக்கு மருத்துவ முகாம் போகும். குறைந்த இடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். சாப்பாட்டு மேஜையின் ஓர் ஓரத்தில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்தாவது வாரம் ஆற்றோர வட்டாரத்தில் பயம் மளமளவென்று இறங்கியது. மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல். வெள்ளிக்கிழமையோடு முகாமை எடுத்துவிடலாம், அறிக்கையை அனுப்பு என்றார். இவளுக்குத்தான் ஏதோ உறுத்தியது. அங்கே ஒரு பூட்டு ரிப்பேர்காரர் உண்டு. தினமும் காலையில் கடை போன் நம்பரோடு ஓர் அறுவை ஜோக் போடுவார். சிரிப்பே வராது, ஆனால் மனிதர் ஒரு நாள் தவறமாட்டார். அவர் எழுதி ஆறு நாள் ஆகியிருந்தது. மற்றவர்களையும் தேடினாள். போன வாரம் பயந்து எழுதிய நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் வாயே திறக்கவில்லை. பயம் எங்கே குறைந்தது? எழுத ஆளில்லை, அவ்வளவுதான். இதைப் போய் நல்ல சேதி என்று அவளே இரண்டு நாள் பச்சை வர்ணம் பூசியிருந்தாள். அந்த வெட்கம் அவளைச் சும்மா விடவில்லை.

எழுதியவர்களை அழைக்கக் கூடாது என்பது விதி. அழைத்தாள். ரிப்பேர்காரரின் மனைவி எடுத்தார்.

“தெருவே படுத்துக் கிடக்குதும்மா. முகாமுக்கு நடந்து போகத் தெம்பில்ல. அவருக்குப் போனைப் பிடிக்கவே கை நடுங்குது.”

அவள் அழைத்துக் கேட்டதைச் சொன்னதும் மேலதிகாரி சலித்துக்கொண்டார். “பேசாதவங்க மனசை எப்படிம்மா அளக்கிறது?”

“அளக்க வேணாம் சார். எண்ணுங்க. அதைச் சேர்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

விதியை மீறி அழைத்ததற்கு வேலை போய்விடும் என்று மிரட்டினார். இருந்தாலும் அவள் அசையவில்லை. ‘பேசாதவர்கள்’ என்று ஐந்தாவது கட்டம் போட்டு, அதில் முப்பத்தொன்று என்று எழுதி, அவருக்கும் அவருக்கு மேலே இருந்த டாக்டருக்கும் சேர்த்தே அனுப்பினாள். எந்தத் தெருவில் ஆரம்பிக்கலாம் என்று மட்டும் டாக்டர் கேட்டார். வெள்ளிக்கிழமை முகாமை யாரும் எடுக்கவில்லை. அது வீடு வீடாக ஏறி இறங்கியது.

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

பத்தாம் நாள் ரிப்பேர்காரர் எழுதினார். ஜோக் இல்லை. “ரெண்டு நாள் முன்னால வந்திருக்கக் கூடாதா? என் அண்ணன் இருந்திருப்பாரே.”

அவள் அழுதாள். அழுதுகொண்டே அதைக் கோபத்தில் சேர்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த வட்டாரத்தில் நேற்று எழுதி இன்று எழுதாதவர்களைத் தேட ஆரம்பித்தாள்.