மாமி வீட்டு ஆர்க்கிட் குட்டி

இதெல்லாம் நடக்கும் என்று ஏப்ரலிலேயே சொன்னவன் நான். மாமி வீட்டு ஆர்க்கிட் தொட்டியை ஏர்கூலருக்கு முன்னால் வைத்தால் தண்ணீர் தெறித்துக் குருத்து அழுகிவிடும் என்றேன். இந்த டெல்லி கிட்வாய் நகரில் யார் கேட்டார்கள்?

இன்று காலை மாடி வீட்டு சரோஜா மாமி தொட்டியோடு வந்து நின்றார். காலமான மாமா காங்டாக்கிலிருந்து கொண்டுவந்த செடி. தாய்ச்செடி முழுக்க அழுகிவிட்டது. பூத்தண்டில் முளைத்த ஒரே ஒரு குட்டிதான் பச்சையாக இருந்தது.

“தோட்டக்கார மாலி தூக்கிப் போடச் சொல்றான். நீங்கதான் ஏதாவது பண்ணணும்.”

“அச்சா, விடுங்க மாமி. இந்த மாதிரி நூறு குட்டி பிரிச்சிருக்கேன்.”

குட்டிக்கு மூன்றே வேர். விரல் நீளம்கூட இல்லை. பிளேடு வேரில் பட்டால் அவ்வளவுதான்.

“பாத்துப் பண்ணுங்க, இது ஒண்ணுதான் மிச்சம்.”

மாமி தொட்டிமேல் குனிந்தார். ஒரே வெட்டு! காயத்தில் லவங்கப்பட்டைத்தூள் தடவி, கரித்துண்டுகளுக்கு நடுவில் நட்டாயிற்று. மூன்று வேரும் முழுசாக இருக்கின்றன.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். என் கை நடுங்குவதைப் பார்த்து, பிளேடைப் பிடுங்கி வெட்டியது மாமிதான். நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். அசையாமல் தொட்டி பிடிப்பது என்ன லேசான வேலையா? பிடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.