மாளிகை வாசலில் கழற்றிய செருப்பு

பாறசாலை தேவாலயச் சபைப் பெண்கள் நாங்கள் திருவனந்தபுரத்தில் ஆளுநரின் பழைய மாளிகையைப் பார்க்கப் போனோம். பெயர்ப் பட்டியல் என் கையில் இருந்தது. சபையில் தரை துடைக்கும் அக்காவும் வந்திருந்தார். உயரமான உருவம், வெடித்த பாதங்கள். எந்த வாசலானாலும் செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் நுழைவார்.

மாளிகை வாசலிலும் கழற்றினார். வேறு யாரும் கழற்றவில்லை. பின்னால் நின்ற நகரத்துக் குடும்பம் சிரித்தது.

"போடுங்க அக்கா, ஆளுவ சிரிக்காவ," என்றேன்.

"எவளோ முட்டுகுத்தித் தொடச்ச தரையாக்கும் மக்கா. செருப்போட மிதிக்க மனசு வரல்ல."

மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். இவர் உங்களோடு வந்தவரா என்று காவலர் என்னிடம் மலையாளத்தில் கேட்டார்.

"அல்ல," என்றேன்.

அக்கா காதில் அது விழுந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார்.

திரும்பும்போது பேருந்தில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார்.

"உள்ள தரை எப்படி உண்டு மக்கா?" என்று கேட்டார். குரலில் குத்தலே இல்லை.

உள்ளே இருந்த நேரமெல்லாம் தலை நிமிராமல் நான் அந்தத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.