நெருப்பில்லாத அச்சு முறுக்கு

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மியூசியத்துக்கு ஒரு தினுசான கிறுக்குப் பிடித்துவிடுகிறது. வாரம் முழுக்க வாள்களையும் பீங்கான் ஜாடிகளையும் கண்ணாடிக்குள் தூங்கப் போட்டுவிட்டு, ஞாயிறன்று ஊரைக் கூப்பிட்டு, வாருங்கள், தொட்டுப் பாருங்கள், உணருங்கள் என்கிறது. ஒரு மேஜையில் களிமண். ஒரு மேஜையில் சாயம். கழுத்தில் அட்டை தொங்க, பாரம்பரியம் பாரம்பரியம் என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டு அலைகிற ஜனம். ஒரு மணி நேரத்தில் உணர்ந்து முடித்துவிடுவார்கள். பிறகு சமோசா. பிறகு குழுப்படம்.

நானும் அந்தப் படங்களில் இருக்கிறேன், ஓரமாக, ஜிப்பா போட்டுக்கொண்டு. பகலில் மென்பொருள் கம்பெனிக்குக் கையேடு எழுதுகிறவன். மற்ற நேரத்தில் வரியை உடைக்காத கவிதை எழுதுகிறவன். ஹைதராபாத்தில் ஒரு தமிழ்க் கவிஞன் வேண்டுமென்றால் நானும் இன்னும் இரண்டு பேரும்தான். அவர்கள் இரண்டு பேரும் அமெரிக்கா போய்விட்டார்கள்.

'நகரத்தின் அடுப்படிகள்' என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஒரு சமையல் பொருள் இரவல் வாங்கி, கண்ணாடிக்குள் வைத்து, பக்கத்தில் கவித்துவமாக நாலு வரி எழுதி ஒட்டுவது. கவித்துவத்துக்கு நான். நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் அம்மணி கைத்தறிச் சேலையும் பெரிய வெள்ளி வளையமுமாக வந்து, "தமிழ்ப் பக்கம் ஏதாவது ஆத்தென்டிக்கா வேணும் சார். இட்லிப் பானை வேண்டாம், எல்லாரும் பாத்தாச்சு" என்றார்.

என் வீட்டுக்கார அக்கா ஞாபகம் வந்தது. தார்நாகாவில் அவருடைய வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத் பக்கத்துத் தமிழ்ச் சர்ச்சு குடும்பம். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ் பேச ஆரம்பித்து உருதுவில் திட்டி இங்கிலீஷில் முடிப்பார். அவரிடம் ஓர் அச்சு முறுக்கு அச்சு இருந்தது. மற்ற வீடுகளில் பூ இருக்கும், நட்சத்திரம் இருக்கும். அவருடையது கியர் சக்கரம். நிஜமான கியர். கணவர் சனத்நகரில் ஓர் இன்ஜினியரிங் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். கல்யாணமான வருஷம், அங்கே கழித்துப் போட்ட பல்சக்கரம் ஒன்றை எடுத்து, நடுவைக் குடைந்து, ஆரங்களை மட்டும் விட்டு, நீளக் கம்பி ஒன்றை வெல்டிங் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாராம். "மோதிரம் வாங்கித் தருவாருன்னு பாத்தேன் பா. கியர் வாங்கிட்டு வந்தாரு."

அந்த அச்சில் சுட்ட முறுக்குக்குப் பல் இருக்கும். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் பழைய ஒர்க்‌ஷாப் ஆட்கள் வருவார்கள். குகட்பள்ளியிலிருந்து, சனத்நகரிலிருந்து, தெலுங்கரும் முஸ்லிமும் மலையாளியுமாக. பிரியாணிக்காக வருவதில்லை. கியருக்காக வருவார்கள். கணவர் காலமான பிறகும் வந்தார்கள். ஃபோர்மேன் இல்லாத வீட்டுக்கு வர அவர்களுக்கு இருந்த ஒரே சாக்கு அதுதான் என்று எனக்குத் தோன்றும். அக்காவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் மியூசியத்துக்குத் தர முதலில் மாட்டேன் என்றார்.

"நக்கோ பா, வேணாம். கைக்கூ, எதுக்கு இதெல்லாம்? கண்ணாடில வெச்சு பாக்கறதுக்கு அதென்ன நிஜாம் நகையா?"

"நவம்பர் கடைசியில குடுத்துருவாங்கக்கா."

"நீ பொறுப்பா?"

"நான் பொறுப்பு."

திறப்பு விழாவுக்கு அக்காவை ஆட்டோவில் கூட்டிப் போனேன். ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணின் கையில் அம்மணி ஒரு ரோஜாவைக் கொடுத்து, வெல்கம் டு ஹைதராபாத் என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டிருக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் வெளிச்சத்தில் அச்சு தொங்கியது, பளபளவென்று. எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன பொருள், சலூனுக்குப் போய் வந்ததுபோல் முகம் வெளுத்து நின்றது. கீழே அட்டை. நான் எழுதிக் கொடுத்ததில் சனத்நகர் இருந்தது, பல்சக்கரம் இருந்தது, மோதிரத்துக்குக் காத்திருந்த பெண் இருந்தாள். அச்சாகியிருந்தது வேறு: 'தாமரைச் சக்கரம். தென்னிந்தியச் சடங்கு உணவுகளில் பயன்படும் புனித வடிவம். காலம் தெரியவில்லை.'

"காலம் தெரியலையாமா? என்னைக் கேட்டா சொல்லிருப்பேனே. கல்யாண ஆல்பமே இருக்கு."

அம்மணியிடம் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். தொழிற்சாலை என்று போட்டால் பார்வையாளர்களுக்குத் தொடர்பு ஏற்படாது. தாமரை என்றால் ஏற்படும். ஆலோசனைக் குழுவே அப்படித்தான் சொன்னது. "அதுவும் பாருங்க சார், பெட்டல்ஸ் மாதிரியே இருக்கு." பல்லை இதழ் என்று பார்க்கிற கண்ணுக்குச் சம்பளம், தேநீர், ஏசி அறை. என்னை அவர்கள் கவிஞன் என்று அழைத்தது அந்தப் பொழுதில் எனக்கு வசவாகக் கேட்டது.

நவம்பர் முடிந்தது. மக்களின் பேராதரவால் கண்காட்சி பொங்கல் வரை நீட்டிக்கப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. நான் போன ஞாயிறுகளில் பேராதரவு என்பது ஏசிக்கு ஒதுங்கிய இரண்டு ஜோடிகள். அச்சைத் திருப்பிக் கேட்டேன். கண்காட்சி முடியும் வரை பொருள் பெட்டியை விட்டு வெளியே வராது, அது விதி என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு வேண்டும் என்றேன். அப்படியென்றால் இன்னும் நல்லது, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு அந்த அம்மாவையே வைத்து ஓர் அச்சு முறுக்குப் பயிலரங்கு நடத்திவிடலாமே என்று கைதட்டினார் அம்மணி. அன்று மட்டும் அச்சு பெட்டியிலிருந்து வெளியே வரும்.

மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"வெளிய வருமா?"

"வரும்க்கா. உங்க கைல குடுப்பாங்க."

"ஹவ், சரி. அப்ப போலாம்."

அந்த ஞாயிறு, மாவு கரைத்த தூக்குவாளியோடும் துணிப்பையோடும் போனோம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, எள். பயிலரங்குக் கூடத்தில் நாற்காலி போட்டு இருபது முப்பது பேர். குகட்பள்ளிப் பக்கத்து ஐடி தம்பதிகள், மடியில் குழந்தைகள். தாய் தமிழில் கேட்டால் பிள்ளை தெலுங்கில் சிணுங்கியது. மேஜையில் புத்தம்புது வாணலி. அடியில் ஒன்றும் இல்லை.

"அடுப்பு?" என்றார் அக்கா.

"காட்சிக்கூடத்துக்குள்ள நெருப்பு அலவுடு இல்ல ஆன்ட்டி."

"கரண்ட் அடுப்பு?" என்றேன் நான்.

"புகை வந்தா அலாரம் அடிக்கும் சார். நீங்க சும்மா மோஷன் மட்டும் காட்டுங்க ஆன்ட்டி. மாவுல முக்கி, எண்ணெய்ல விடற மாதிரி. எல்லாரும் இமேஜின் பண்ணிப்பாங்க."

பிறகு வெள்ளைக் கையுறை வந்தது. பருத்தி. இரவல் பொருளை வெறுங்கையால் தொடக் கூடாது. தன் அடுப்படியில் நாற்பது கிறிஸ்துமஸுக்கு மேல் பிடித்த கம்பியைப் பிடிக்க, அக்கா கல்யாண வீட்டு பேண்டுக்காரர் மாதிரி உறை மாட்டிக்கொண்டு நின்றார். அச்சை மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுருங்கியது.

"என்ன பூசிருக்கீங்க?"

"கன்சர்வேஷன் ஆன்ட்டி! பழைய எண்ணெய் அழுக்கெல்லாம் எடுத்துட்டு, துரு வராம ஒரு கோட்டிங். ஃப்ரீயா செஞ்சு குடுத்திருக்கோம்."

அக்கா அச்சை மாவில் முக்கித் தூக்கினார். சூடான இரும்பு என்றால் மாவு சட்டென்று பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த இரும்பு, அதுவும் வார்னிஷ் அடித்தது. மாவு நின்று யோசித்துவிட்டுப் பல்லுக்குப் பல் வழுக்கி, கையுறையில், மேஜை விரிப்பில், அம்மணியின் சேலை நுனியில் சொட்டியது. காலி வாணலிக்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றார். எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து, "ஒன்ஸ் மோர் ஆன்ட்டி, கொஞ்சம் லெஃப்ட்ல" என்றார்.

என் வாழ்க்கையில் நான் கேட்ட கைதட்டல்களில் இத்தனை வெட்கங்கெட்டது வேறில்லை. கவியரங்குகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

"சமோசா வெளிய இருக்கு" என்று அறிவித்ததும் கூடம் காலியானது. அம்மணி சேலையைக் கழுவ ஓடினார். அக்கா கையுறைகளைக் கழற்றி வாணலிக்குள் போட்டார். மாவு சொட்டச் சொட்ட அச்சைத் தூக்குக்குள் இறக்கினார். கம்பி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வா பா, போலாம்."

"அக்கா, பெட்டில திருப்பி வெக்கணும்..."

"யார் வெக்கணும்? நீ வேணா போய் உக்காரு பெட்டில. கவிஞன்னு சீட்டு ஒட்டுவாங்க."

வாசலில் பை சோதிக்கிற காவலாளி. வெளியே போகும் எந்தப் பொருளுக்கும் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். என் சொந்தக் குடைக்கே ஒருமுறை கேட்டவர். அவர் தூக்கை எட்டிப் பார்த்தார்.

"க்யா ஹை அம்மா, யே?"

"ஆட்டா ஹை, பையா. கிச்சன் கா சாமான்." வெறும் மாவு, சமையல் சாமான் என்றார் அக்கா.

மாவு வழியும் இரும்பை அவர் ஒரு கணம் முகம் சுளித்துப் பார்த்தார். அருங்காட்சியகப் பொருள் என்றால் எப்படி இருக்கும் என்று அவருக்கு வகுப்பெடுத்திருப்பார்கள். இது அப்படி இல்லை. "ஜாவ் ஜாவ்" என்று கையை அசைத்தார். ஆட்டோ ஏறும் வரை நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பின்கட்டில் விறகு மூட்டி அச்சைச் சுட்டார். வார்னிஷ் நீலமாக எரிந்தது, தெருவே இருமியது. தேங்காய் நாரும் சாம்பலுமாக நான் தேய்த்தேன். பிறகு எண்ணெயில் ஊறப்போட்டார். மறுநாள் சுட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது, கத்தியால் நெம்பியதில் நொறுங்கியது. அதற்கடுத்த நாளும். ஈட்டுக்கு ஈடு எண்ணெய், ஈட்டுக்கு ஈடு கெட்ட வார்த்தை, சர்ச்சு குடும்பத்துக்குத் தகாத உருது. மியூசியத்திலிருந்து அழைப்புகள் வந்தபடி இருந்தன. பொருளைக் காணவில்லை என்றார்கள், சொந்தக்காரியே எடுத்துப் போனது எந்த வகையில் சேரும் என்று ஆலோசனைக் குழு கூடுகிறது என்றார்கள். கூடட்டும் என்றேன். பொங்கலுக்குக் கோலப் பயிலரங்கு நடத்தித் தர முடியுமா என்றும் அதே மூச்சில் கேட்டார்கள். போனை அணைத்தேன்.

கிறிஸ்துமஸ் மத்தியானம் அவர்கள் வந்தார்கள். போன வருஷத்தைவிட ஒருவர் குறைவு. முழங்கால் ஆபரேஷன், பேரன் கையில் முறுக்குக்குக் காலி டப்பா கொடுத்தனுப்பியிருந்தார். தட்டு வந்தது. பாதி உருப்படி, பாதி மூளி. கூட்டத்திலேயே பெரியவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"க்யா பாபி, தாந்த் டூட் கயா?" என்ன அண்ணி, பல் உடைந்துபோச்சா என்று கேட்டார்.

"மியூசியத்துல வெச்சிருந்தாங்க" என்றார் அக்கா, உருதுவில். "ரெண்டு மாசமா."

"எதை?"

"நம்ம கியரைத்தான்."

சிரித்தார்கள். மேல்மூச்சு வாங்க, தொடையில் அறைந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து. ஃபோர்மேன் போன பிறகு இந்த வீட்டில் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பாபிக்கு இந்த வயதிலும் குறும்பு போகவில்லை என்றார் ஒருவர். நிஜம்தான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையில் ஒரு மூளி முறுக்கைத் திணித்துவிட்டு, அடுத்த தட்டை எடுத்துவர உள்ளே போனார்.

லேசாக வார்னிஷ் கசந்தது. அவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.