திருப்பிக் கொடுக்க முடியாத சம்மதம்

கேட்டு வாங்கிய சம்மதத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? இரவல் வாங்கிய ஏணியைக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவிட்டு வந்துவிடலாம். ஒருவர் ‘வந்து போ’ என்று சொன்ன சொல்லை எந்தச் சுவரில் சாய்ப்பது? எதிர்வீட்டு வெர்லின் ஸ்டூப்ஸை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் எழுகிறது. அவரைப் பெரிய மனிதர் என்று சொல்ல மாட்டேன். நல்லவர் என்று சொல்லவும் கொஞ்சம் தயங்குவேன். ‘முடியாது’ என்று சொல்ல வராதவர். அதை நற்குணத்தோடு சேர்க்கலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

பண்ணை வீடுகளுக்கு எரிவாயு நிரப்பும் லாரியை ஓட்டினார். சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. அமெரிக்காவில், எங்கள் வடக்கு மிசூரியில் அப்படிப்பட்டவர் மான் சுட வேண்டுமென்றால் யாராவது நிலக்காரரின் வாய்ச்சொல் வேண்டும். வேலி மரங்களில் ஊதாச் சாயம் பூசியிருந்தால் சொல் இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் பூசாத மரமே குறைவு. செப்டம்பரில், வேட்டைப் பருவத்துக்கு வெகு முன்பாக, துப்பாக்கி இல்லாமல், துவைத்த சட்டையோடு போய், சமையலறைக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். வாசல் கதவு பாதிரியாருக்கும் விற்பனைக்காரர்களுக்கும் உரியது. போன வருடம் கிடைத்த சம்மதம் போன வருடத்தோடு சரி. ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாகக் கேட்க வேண்டும். மான் விழுந்தால் முதுகுக்கறியைக் காகிதத்தில் சுற்றி அந்த வீட்டுக்குக் கொடுப்பது வழக்கம். காசு பேச மாட்டார்கள். காசு இருந்தாலாவது கணக்கு ஒரு நாள் முடியும்.

ஓடைக்கரைக் காட்டின் சொந்தக்காரர் ஆர்வல் டீக். மனைவியை இழந்தவர். கறுப்பு மாடுகள் வளர்த்தார். யாரையும் உள்ளே விட்டதில்லை. ஒருநாள் எரிவாயு நிரப்பப் போன வெர்லின், ஈன முடியாமல் தவித்த பசுவின் கன்றை அவரோடு சேர்ந்து இழுத்தெடுத்தார். அந்தச் செப்டம்பரில் தயங்கித் தயங்கி அவர் கதவைத் தட்டினார்.

“வேணாம்னு சொல்றதுக்குக் காரணம் ஒண்ணும் தெரியல” என்றார் டீக். எங்கள் ஊரில் சம்மதத்தின் வடிவம் அதுதான்.

முதல் வருடம் புயலில் சாய்ந்த வேலிக்கம்பத்தை வெர்லின் நட்டுக் கொடுத்தார். அடுத்து கொட்டகைக் கூரை, பிறகு வைக்கோல். டீக்குக்கு இடுப்பெலும்பு முறிந்த பின் காலையும் மாலையும் மாடுகளுக்குத் தீனி. டீக் ஒருநாளும் ஏவியதில்லை. “உனக்கு நேரமிருந்தா பாரு” என்பார். ஏவியிருந்தால் மறுக்க ஒரு பிடி கிடைத்திருக்கும்.

காபிக் கடையில் எல்லோருக்கும் இது விளையாட்டாகிவிட்டது.

“ஏம்ப்பா வெர்லின், டீக் உன்னைத் தத்து எடுத்துட்டாராமே?”

“தத்துப்பிள்ளைக்குச் சொத்தாவது வரும். இவனுக்குச் சாணிதான்.”

“வருஷத்துக்கு ஒரு மான். அந்த மானைக் கேட்டா சொல்லும், யாரை யாரு புடிச்சாங்கன்னு.”

வெர்லினும் சிரிப்பார். சிரித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். மாலைத் தீனி நேரம்.

அவர் ஓய்வு பெற்ற வருடம், பக்கத்து மாநிலத்து டல்சா நகரில் இருக்கும் மகள் ட்ரிஷாவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. வீட்டின் பின்பக்கம் இரண்டு அறை காலியாக இருக்கிறது, வந்துவிடுங்கள் என்றாள் மகள். வெர்லினின் மனைவி நீவா அன்றைக்கே பெட்டிகளை இறக்கித் தூசி தட்டத் தொடங்கினார்.

“வேட்டை தொடங்குற சனிக்கிழமை கிளம்பறோம். அதுக்குள்ள அந்தக் கிழவர்கிட்ட சொல்லிட்டு வந்துடு” என்றார்.

“சொல்றேன்.”

“என்னன்னு சொல்லுவே?”

“அதான் யோசிக்கிறேன்.”

“மக வீட்டுக்குப் போறேன்னு சொல்றதுக்கு என்ன யோசனை? ஊர் உலகத்துல எல்லாரும் சொல்றதுதானே.”

ஆனால் வெர்லினுக்கு அது பயணச் செய்தியாகத் தோன்றவில்லை. வாங்கியதைத் திருப்பித் தராமல் கிளம்புவது திருட்டுப்போல இருந்திருக்க வேண்டும். செப்டம்பரில் வழக்கம்போலத் துவைத்த சட்டையோடு சமையலறைக் கதவைத் தட்டினார். அன்று நடந்ததை அவரே என்னிடம் சொன்னார்.

“மிஸ்டர் டீக், இந்த வருஷம் வேட்டைக்குக் கேக்க வரல. இதுவரைக்கும் குடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

டீக் காபியை ஊதினார். “எதை?”

“அனுமதியை.”

“யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்போ நான் ஏதாவது சொன்னேனா?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல மிஸ்டர் டீக்.”

“குடுத்ததைத் திரும்ப வாங்குற பழக்கம் எங்க வீட்ல கெடையாது. எங்கப்பாவும் வாங்கல. உக்காரு, காபி ஆறுது. அந்தத் தண்ணித் தொட்டி ஒழுகுது, உனக்கு நேரமிருந்தா பாரு.”

வெர்லின் தொட்டியை அடைத்துவிட்டு வீடு திரும்பினார். டல்சா என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

அக்டோபர் கடைசியில் அவர் செய்த காரியத்தைக் கேட்டபோது நான் நம்பவில்லை. அடுத்தவர் நிலத்தில் நடப்பவனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே கட்டளைதான்: கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வா. மூடியிருந்தால் மூடு, திறந்திருந்தால் திறந்தே விடு. இதை மீறியவனை எந்த நிலக்காரரும் மறுபடி உள்ளே விடமாட்டார். அத்தனை வருடங்களில் ஒருநாளும் தவறாத வெர்லின், அன்று காலைத் தீனி போட்டுவிட்டு, சாலையோரக் கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்பினார். விலக முடியாதவர், விலக்கப்படுவதற்கு வழி தேடினார் போலிருக்கிறது.

மாடுகள் சாலைக்கு வந்தன. பள்ளிப் பேருந்து நின்றது. ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து டீக்குக்குப் போன் வர, டீக் வேறு யாரைக் கூப்பிடுவார்? வெர்லினைத்தான் கூப்பிட்டார். தான் திறந்துவிட்ட மாடுகளை மதியம் வரை தானே விரட்டிப் பிடித்து உள்ளே சேர்த்தார் வெர்லின். ஊன்றுகோல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு டீக் வாசலில் நின்றார்.

“செயின்ட் லூயிஸ் டவுன்காரப் பசங்க வேலை. வேட்டைக்கு இடம் பாக்க வந்திருப்பானுங்க. கேட் மூடத் தெரியாத ஜென்மங்க.”

“நான்தான் தெறந்து விட்டேன் மிஸ்டர் டீக்.”

“நீயா?”

“நான்தான். வேணும்னேதான்.”

 டீக் மறுப்பாகத் தலையை ஆட்டினார். “யாரோ சின்னப் பசங்க மாட்டிக்கக் கூடாதுன்னு பழியைத் தலைல போட்டுக்கற. உன்னை எனக்குத் தெரியாதா?” உள்ளே போய் ஆணியில் தொங்கிய வீட்டுச் சாவியை எடுத்துவந்து வெர்லின் கையில் வைத்தார். “இது உன்கிட்டயே இருக்கட்டும். ராத்திரி விழுந்து கெடந்தேன்னா கதவை ஒடைக்க வேண்டியதில்ல பாரு.”

அன்று மாலை நீவா என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. “போலீஸ்ல போய் நான்தான் திருடன்னு சொன்னாலும் நம்பாம வீட்டுக்கு அனுப்பற ஊரு இது” என்றார். “நான் சனிக்கிழமை கிளம்பறேன். வெர்லின் வந்தாலும் சரி, வரலன்னாலும் சரி. அவன்கிட்டயும் சொல்லிட்டேன்.”

வேட்டை தொடங்கும் சனிக்கிழமை விடிந்தது. நான்கு திசையிலும் வெடிச்சத்தம். ஊர் ஆண்களில் பாதிப்பேர் வேட்டைக்காரரின் ஆரஞ்சுச் சட்டையில் மரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். வெர்லின் பழுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு இருவர் பெட்டிகளையும் காரில் ஏற்றினார். கடைசியாகத் துப்பாக்கியை உறையில் போட்டு எடுத்துவந்து பெட்டிகளுக்கு நடுவே வைத்தார்.

“டல்சால என்னத்தைச் சுடப் போற? ட்ரிஷாவோட பூனையையா?” என்றார் நீவா. என்னைப் பார்த்துக் கையசைத்தார். வெகுநாள் கழித்து அவர் முகம் தெளிந்திருந்ததைப் பார்த்தேன்.

மற்றது நீவா பிற்பாடு சொன்னது. டீக் வீட்டுக்குத் திரும்பும் மண்சாலை வந்ததும் வெர்லின் காரை ஓரமாக நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. இறங்கிப் பின்பக்கம் போய்த் தன் பெட்டியை மட்டும் எடுத்துக் கீழே வைத்தார். துப்பாக்கியை எடுக்கவில்லை. அதை நீவாவின் பெட்டிக்கு அடியில் நன்றாகத் தள்ளிவிட்டு மூடினார்.

“வெர்லின், இது என்ன?”

“நீ ஓட்டு. பாதை உனக்குத் தெரியும்.”

“துப்பாக்கியை விட்டுட்டுப் போற.”

“தெரியும்.”

நீவா டிசம்பரில் திரும்பி வந்தார். இப்போது பாதி வருடம் அங்கே, பாதி வருடம் இங்கே. துப்பாக்கி திரும்பவில்லை. வெர்லின் அதைக் கேட்டதும் இல்லை, அதற்குப் பிறகு எந்த மானையும் சுட்டதும் இல்லை. செப்டம்பர் வந்து போகிறது, அவர் சமையலறைக் கதவைத் தட்டி எதையும் கேட்பதில்லை. திருப்பிக் கொடுக்க இப்போது அவரிடம் எதுவும் இல்லை. ஆனால் தினமும் காலையும் மாலையும் டீக்கின் மாடுகளுக்குத் தீனி போடுகிறார். ஏன் என்று நீவா கேட்டிருக்கிறார், டீக்கும் கேட்டிருக்கிறார். நானும் ஒருமுறை கேட்டேன். அன்று பனி பெய்துகொண்டிருந்தது. அவர் கையுறையை மாட்டிக்கொண்டு தன் பழைய பிக்கப் வண்டியில் ஏறி மாலைத் தீனிக்குக் கிளம்பினார்.